‘அனுப்பப்பட்டது’ என்றால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

கொக்குவிலில் எங்கள் வாசிகசாலைக்குச் சனிக்கிழமைகளில் வரும் பிள்ளை ஒருத்தி, கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வேலை விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டாள். திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்ததையும் பார்த்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வராமல் போகவே தொலைபேசியில் விசாரித்தாள். அப்படியொரு விண்ணப்பம் வரவில்லை என்றார்கள்.

“ரீச்சர், நான் அனுப்பியது இதோ இருக்கிறது, பாருங்கள்” என்று கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். அனுப்பிய கடிதங்களின் பெட்டியில் அது இருந்தது உண்மைதான். குப்பைப் பெட்டியைத் திறந்தோம். விண்ணப்பம் அனுப்பிய அதே நிமிடத்தில் ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்று அங்கே கிடந்தது. வைரஸ் என்று பயந்து, திறக்காமலே அழித்திருந்தாள். முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டதால் கடிதம் திரும்பிவிட்டது என்று அந்தக் கடிதம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அன்றே வாசித்திருந்தால் எழுத்தைத் திருத்தி மீண்டும் அனுப்ப இரண்டு நாள் இருந்தன.

அவளுக்கு அன்று சொல்லிக் கொடுத்ததை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். மின்னஞ்சல் எந்த வழியால் போகிறது, எங்கெங்கே தங்குகிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறது என்று தெரிந்தவருக்கு அந்த ‘மெயிலர் டீமன்’ ஒரு நல்ல தபாற்காரர்.

மின்னஞ்சலைத் தொலைபேசி அழைப்புப் போல நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. அழைப்பில் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் இணைந்திருக்க வேண்டும். கடிதத்துக்கு அது தேவையில்லை. கோண்டாவிலில் ஒருவர் கடிதத்தைப் பெட்டியில் போடும்போது ரொறன்ரோவிலிருக்கும் தம்பி நித்திரையில் இருக்கலாம். இடையில் இரண்டு தபாற்கந்தோர்கள் வேலை செய்கின்றன: அனுப்புபவருடையது ஒன்று, பெறுபவருடையது ஒன்று. மின்னஞ்சலில் இந்தத் தபாற்கந்தோர்களாக இருப்பவை இரவு பகலாக இயங்கும் கணினிகள். சர்வர் என்று வழக்கில் சொல்லும் அவற்றை வழங்கி என்று எழுதுகிறேன். உங்கள் கைத்தொலைபேசி தம்பியின் கைத்தொலைபேசியோடு ஒருபோதும் பேசுவதில்லை. அது உங்கள் வழங்கியோடு பேசும். உங்கள் வழங்கி தம்பியின் வழங்கியோடு பேசும். தம்பியின் தொலைபேசி பிறகு தன் வழங்கியிடம் போய்க் கடிதத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்த ஒழுங்கையில் இருப்பவருக்கு எழுதினாலும் இதே கதைதான். பெரும்பாலும் அந்தக் கடிதம் கடல் கடந்துள்ள ஏதோ ஒரு தரவு நிலையத்துக்குப் போய்த்தான் நம் ஒழுங்கைக்குத் திரும்பி வருகிறது.

முதற்படி, நீங்கள் ‘அனுப்பு’ என்பதைத் தொடும்போது நடப்பது. உங்கள் செயலி உங்கள் வழங்கியிடம் கடவுச்சொல்லைக் காட்டி, நான் உன் வாடிக்கையாளர் என்று நிரூபித்து, கடிதத்தை ஒப்படைக்கிறது. ‘அனுப்பப்பட்டது’ என்று திரையில் வருவதன் பொருள் இவ்வளவுதான்: உள்ளூர்த் தபாற்கந்தோரின் பெட்டிக்குள் கடிதம் விழுந்துவிட்டது. ஊரைத் தாண்டிப் போயிற்றா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை.

இனி, கடிதம் எந்த வழங்கிக்குப் போகவேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். முகவரியின் நடுவில் @ இருக்கிறதல்லவா, அதற்கு வலப்புறம் இருப்பது எந்தத் தபாற்கந்தோர் என்பது; இடப்புறம் இருப்பது அங்கே எந்த ஆளின் பெட்டி என்பது. இந்தக் குறியை 1971இல் தேர்ந்தெடுத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் ரே ரொம்லின்சன். அதற்கு முன்னும் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தியவர்கள் ஒருவருக்கொருவர் அதிலேயே குறிப்பு விட்டுச் செல்ல முடிந்தது. ஆர்பாநெட் என்ற வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அவர் கடிதத்தை அனுப்பினார். அந்த இரண்டு கணினிகளும் ஒரே அறையில்தான் இருந்தன. ஆனாலும் கடிதம் வலையமைப்பைச் சுற்றித்தான் போனது. ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, பெயர்களில் யாரும் பயன்படுத்தாத ஒரு குறி அவருக்குத் தேவைப்பட்டது.

வலப்புறத்தை வழங்கி கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிக்கிறது. தபால் பிரிப்பவரும் அப்படித்தான்: முதலில் நாட்டைப் பார்ப்பார், பிறகு ஊர், பிறகு ஒழுங்கை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணையப் பெயர் ‘எல்.கே.’ என்று முடிகிறது, அது இலங்கை. அதற்கு முன் ‘ஏ.சி.’, அதாவது கல்வி நிறுவனங்கள். அதற்கும் முன் ‘ஜே.எவ்.என்.’, அதுதான் நம் பல்கலைக்கழகம். உலகத்துக்கே பொதுவான ஒரு பெயர்ப் பதிவேடு, டி.என்.எஸ். என்று பெயர், 1983 முதல் இந்தத் தேடலுக்கு விடை சொல்லி வருகிறது. அதில் கடிதம் பெறும் இணையப் பெயர்களுக்குப் பொதுவாக ‘எம்.எக்ஸ்.’ என்ற ஒரு குறிப்பு இருக்கும். இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன வழங்கியிடம் கொடுங்கள் என்பதே அந்தக் குறிப்பு. சில நிறுவனங்கள் இரண்டு மூன்று வழங்கிகளை வரிசை எண்ணோடு எழுதி வைத்திருக்கும். எண் குறைந்ததை முதலில் தட்ட வேண்டும். அது பதில் சொல்லாவிட்டால் அடுத்ததைத் தட்ட வேண்டும்.

இந்த அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்த இடம் அடுத்து வருகிறது. இரண்டு வழங்கிகளும் நேருக்கு நேர் பேசும் உரையாடல் அது. ஒரு கணினிக்குப் பல படலைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். வழங்கிகள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுக்கும் படலையின் இலக்கம் 25. அங்கே பேச வேண்டிய ஒழுங்கை 1982இல் ஜோன் பொஸ்டல் எழுதி வைத்தார், எஸ்.எம்.ரி.பி. என்று அதற்குப் பெயர். பின்னர் பலமுறை விரிவாக்கப்பட்டாலும் அடிப்படைப் பேச்சு இன்றும் அதுவேதான். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

பெறுபவர்: 220. நான் இன்ன வழங்கி, தயாராக இருக்கிறேன்.
அனுப்புபவர்: வணக்கம், நான் இன்ன இடத்திலிருந்து வருகிறேன்.
பெறுபவர்: 250. வணக்கம்.
அனுப்புபவர்: இன்னாரிடமிருந்து ஒரு கடிதம் இருக்கிறது.
பெறுபவர்: 250. சரி.
அனுப்புபவர்: இன்னாருக்குச் சேர வேண்டும்.
பெறுபவர்: 250. சரி, அவர் இங்கேதான் இருக்கிறார்.
அனுப்புபவர்: கடிதத்தைத் தரட்டுமா?
பெறுபவர்: 354. தாருங்கள். முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வையுங்கள்.
அனுப்புபவர்: (கடிதம் முழுவதும், கடைசியில் ஒரு புள்ளி)
பெறுபவர்: 250. ஏற்றுக்கொண்டேன்.

அந்தக் கடைசி 250தான் கையொப்பம். அந்த எண்ணைச் சொன்ன கணத்தில் கடிதத்தின் பொறுப்பு கை மாறுகிறது. அதுவரை அனுப்பிய வழங்கி தன் பிரதியை வைத்திருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றாலும் மறுபடி தொடங்க வேண்டும். அதன் பிறகு, பெற்ற வழங்கி கடிதத்தை உரியவரின் பெட்டியில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் ஒவ்வொரு கந்தோரும் கையொப்பமிட்டு வாங்குவது போல, யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் ஒரு கடிதம் ஒரு கணமும் இருக்கக்கூடாது என்பதே இந்த நெறிமுறையின் உயிர். இதை எழுதியவர்கள் எவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

எண்களின் முதல் இலக்கத்தை மட்டும் நினைவில் வைத்தாலே போதும். 2இல் தொடங்கினால் சரி. 3 என்றால் தொடருங்கள். 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வாருங்கள். 5 என்றால் முடியாது, மீண்டும் வரவேண்டாம்.

4இல் தொடங்கும் பதிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெறும் வழங்கி பழுதாகியிருக்கலாம், அதில் இடம் இல்லாமல் போயிருக்கலாம், தற்காலிகமாக ஏதோ தடை இருக்கலாம். அப்போது அனுப்பும் வழங்கி கடிதத்தை எறிந்துவிடுவதில்லை. வரிசையில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் அல்லது அதற்கு மேல் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி போய்த் தட்டுகிறது. நான்கு ஐந்து நாட்களாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்பது நெறிமுறையின் அறிவுரை. வாங்கி வைத்திருந்து, வழி கிடைத்ததும் கொடுப்பது: யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க அதிகம் பாடுபடத் தேவையில்லை. 1990இல் ரயில் நின்று, பாதையும் அடைபட்ட பிறகு, இங்கே கடிதங்கள் வாரக்கணக்கில் எங்கோ கிடந்து, கப்பல் வந்தால் வந்தன. பிந்தி வந்த கடிதத்தைத் தொலைந்த கடிதமாக நாங்கள் ஒருபோதும் எண்ணியதில்லை. மின்னஞ்சலும் சில வேளைகளில் மணிக்கணக்கில் பிந்தும். ‘தாமதம், இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம்’ என்று ஒரு குறிப்பு வந்தால் நீங்கள் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பினால் தம்பிக்கு ஒரே கடிதம் இரண்டாகக் கிடைக்கும்.

5 வேறு. எங்கள் பிள்ளைக்கு வந்தது 550. இன்னாருக்கு என்று சொன்ன இடத்திலேயே, அப்படியொருவர் இங்கே இல்லை என்று அலுவலகத்தின் வழங்கி மறுத்துவிட்டது. பொறுப்பு இன்னும் அவளுடைய வழங்கியின் கையிலேயே இருந்ததால், அது உடனே அவளுக்கு எழுதியது. அப்படி எழுதும் நிரலின் பெயர்தான் மெயிலர் டீமன். டீமன் என்றால் பேய் என்று பயப்படத் தேவையில்லை. பின்னணியில் ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும் நிரல்களைக் கணினித் துறையில் 1960களிலிருந்தே அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் அந்தக் கடிதத்தில் எண்ணை மட்டும் தேடுங்கள். 550 என்றால் பெரும்பாலும் முகவரிப் பிழை, அல்லது அந்த வழங்கி உங்கள் கடிதத்தை ஏற்க மறுக்கிறது. 552 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது, அல்லது கடிதம் அளவுக்கு மீறிப் பெரியது.

அளவு என்றதும் காணி உறுதிகள் நினைவுக்கு வருகின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு உறுதியை ஸ்கான் செய்து அனுப்பும் வேலை இங்கே ஓயாமல் நடக்கிறது. கோப்பு 20 எம்.பி.தான், எல்லை 25 எம்.பி., அப்படியிருக்க ஏன் திரும்பி வந்தது என்று கேட்பார்கள். மின்னஞ்சல் தொடங்கிய காலத்தில் அதற்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே. படமும் ஒலியும் அந்தப் பாதையில் போக முடியாது. தமிழும் போக முடியாது. 1992இல் வந்த மைம் என்ற முறை இதற்கு வழி செய்தது. எந்தக் கோப்பையும் சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பழையபடி படமாக்கிக்கொள்வது. ஒவ்வொரு மூன்று அலகும் நான்கு எழுத்தாக விரியும். எனவே 20 எம்.பி. வழியில் ஏறத்தாழ 27 எம்.பி. ஆகிவிடுகிறது. உறுதியின் பக்கங்களை இரண்டு கடிதமாகப் பிரித்து அனுப்புங்கள், போகும்.

தமிழ்க் கடிதம் இன்று சிதையாமல் போவதற்கும் மைம் ஒரு காரணம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் உலகெங்கும் பொதுவான எண் கொடுக்கும் யுனிகோட் இன்னொரு காரணம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இப்போது முகவரியையே தமிழில் எழுத நெறிமுறை இடம் தருகிறது. ‘.இலங்கை’ என்று முடியும் இணையப் பெயர்கள் 2010 முதல் இருக்கின்றன. @ குறியின் இரு புறமும் தமிழாக இருக்கும் முகவரிக்கான விதிகள் 2012இல் வந்துவிட்டன. எல்லா வழங்கிகளும் அதை ஏற்கத் தொடங்கவில்லை என்பதுதான் குறை. நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மேலே சொன்ன உரையாடலுக்கு ஒருமுறை திரும்புவோம். ‘இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு’ என்று வழங்கிகள் பேசிக்கொண்டது கடித உறையைப் பற்றி. உறைக்குள் இருக்கும் தாளிலும் ‘அனுப்புநர், பெறுநர்’ என்று தனியாக எழுதியிருக்கும். நம் திரையில் தெரிவது தாளில் உள்ளது. உறையைப் பார்த்துத்தான் கடிதம் சேர்க்கப்படுகிறது. தாளில் உள்ளதை வழங்கி அதற்காகப் பார்ப்பதில்லை. மறைபிரதி, அதாவது பி.சி.சி., இப்படித்தான் நடக்கிறது: அந்த ஆளின் முகவரி உறையில் மட்டும் இருக்கும், தாளில் இருக்காது. அதனால் மற்றவர்களுக்கு அவரும் பெற்றார் என்பது தெரியாது.

ஏமாற்றுக்காரரும் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தாளின் தலைப்பில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். வங்கியின் பெயரையும் எழுதலாம். 1982இல் வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பினார்கள். அடையாளத்தைச் சோதிக்கும் ஏற்பாடு அந்த உரையாடலில் இல்லை. பின்னாளில் மூன்று பாதுகாப்புகளைச் சேர்த்தார்கள். எஸ்.பி.எவ்.: எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவர உரிமையுள்ள வழங்கிகள் இவை என்று நிறுவனம் டி.என்.எஸ். பதிவேட்டில் பட்டியல் போட்டு வைப்பது. டி.கே.ஐ.எம்.: கடிதத்தின் மேல், வழியில் ஓர் எழுத்து மாறினாலும் உடைந்துவிடும் முத்திரை ஒன்றைப் பதிப்பது. டி.மார்க்: இந்த இரண்டில் ஒன்றுகூடத் தாளில் எழுதிய பெயரோடு பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று அறிவிப்பது. வந்த கடிதத்தை ஸ்பாம் பெட்டியில் போடுவதா இல்லையா என்று உங்கள் வழங்கி முடிவு செய்வதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் வங்கியின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு பெயரைப் பதிவு செய்துவைத்திருப்பவர் இந்தச் சோதனைகளில் தேறிவிடுவார். அதனால் @ குறிக்கு வலப்புறம் உள்ளதை எழுத்தெழுத்தாக வாசியுங்கள்.

கடிதம் இப்போது பெறுபவரின் வழங்கியில், அவருடைய பெட்டியில் இருக்கிறது. அதை எடுப்பதற்கு இரண்டு முறைகள்.

பழையது பொப். 1984இல் தொடங்கி, மூன்றாம் பதிப்பாக நிலைத்தது. தபாற்கந்தோருக்குப் போய், கடிதங்களை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது. வாங்கியபின், மாற்றிச் சொல்லி வைக்காவிட்டால், கந்தோரில் ஒன்றும் மிஞ்சாது. தொலைபேசி இணைப்பின் வழியாக நிமிடக் கணக்கில் காசு கொடுத்து இணையத்தில் நுழைந்த காலத்துக்கு அது பொருத்தமாக இருந்தது: இணை, இறக்கு, துண்டி, ஆறுதலாக வாசி. மற்றது ஐமேப். 1986இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. கடிதங்கள் வழங்கியிலேயே இருக்கும். தொலைபேசியிலும் கணினியிலும் நாம் பார்ப்பது அவற்றின் பிம்பத்தை. ஓரிடத்தில் வாசித்தால் எல்லா இடத்திலும் வாசித்ததாகக் காட்டும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

மானிப்பாயில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பழைய கணினியொன்றில் பொப் முறையில் பல ஆண்டு கடிதங்களைப் பெற்றுவந்தார். பேரன் புதுத் தொலைபேசி வாங்கிக் கொடுத்தான். அதில் அவருடைய பெட்டி வெறுமையாக இருந்தது. கடிதங்கள் அனைத்தும் வீட்டுக் கணினிக்கு வந்துவிட்டனவே, வழங்கியில் என்ன மிஞ்சியிருக்கும்? அந்தக் கணினியிலிருந்து அவற்றைப் பிரதி எடுத்து வைப்போம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் கார்த்திகை மழையில் ஒரு நாள் விழுந்த இடி கணினியைக் கொண்டுபோய்விட்டது. இறந்துபோன மனைவி பிள்ளைகளிடம் போயிருந்தபோது எழுதிய கடிதங்களும் அதில் இருந்தன. உங்கள் வீட்டில் யாராவது இன்னும் பொப் முறையில் கடிதம் எடுக்கிறார்களா என்று இந்த வாரமே பாருங்கள். அமைப்புகளில் ‘பிரதியை வழங்கியில் விட்டுவை’ என்ற தெரிவு இருக்கும். அல்லது ஐமேப்புக்கு மாற்றிவிடுங்கள்.

உலாவியில் போய் ஜிமெயில் போன்றவற்றைத் திறப்பவர்களுக்கு இந்தத் தெரிவே எழுவதில்லை. அவர்கள் கந்தோருக்கே போய் அங்கேயே நின்று வாசிக்கிறார்கள். கடிதம் வழியில் போகும்போது இன்று பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது இடையில் பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டே போகிறது. வழங்கியில் கிடக்கும்போது சேவை நடத்துபவரால் திறக்க முடியும். கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் மின்னஞ்சலில் எழுதக்கூடாது என்பது இதனால்தான்.

அந்தப் பிள்ளை பிறகு வேறோர் இடத்துக்கு விண்ணப்பித்தாள். அனுப்பும் முன் முகவரியை என்னிடம் வாசித்துக் காட்டினாள். பெட்டியை ஐந்து நிமிடம் பார்த்திருந்தோம்; டீமனிடமிருந்து எதுவும் வரவில்லை. எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்ததால், என் பெட்டியில் அதைத் திறந்து, மூலக் கடிதத்தைக் காட்டும் தெரிவைத் தொட்டேன். கடிதத்துக்கு மேலே, வழியிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் தான் பெற்றுக்கொண்ட நேரத்தைக் குத்திவைத்த முத்திரைகள் வரிசையாக இருந்தன. புதிய முத்திரை எப்போதும் மேலே விழும் என்பதால் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். கீழேயுள்ளதில் காலை 10.14 என்றிருந்தது. அதற்கு மேலேயுள்ளதில் முந்தைய நாள் இரவு 9.44. “ரீச்சர், அனுப்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதா?” என்று கேட்டாள். நேரத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறிய எண்களைக் காட்டினேன்: கீழே +0530, அது நம் நேரம், மேலே -0700, அது அமெரிக்க மேற்குக் கரையின் கோடை நேரம். இரண்டுக்கும் இடையில் பன்னிரண்டரை மணித்தியாலம். தாளில் கழித்துப் பார்த்தாள். இரண்டு முத்திரைகளுக்கும் இடையில் உண்மையில் கழிந்திருந்தது இரண்டு செக்கன்.